முப்பத்தெட்டாம் இதழ்

முப்பத்தேழாம் இதழின் கடைசிக் கட்டத்தில்
காவிரிப் பாலத்துக் கைப்பிடியை விட்டுக்
குதித்தான் பாதரசன்.
கீழே, தொடரும் என்று எழுதினேன்.
எழுத்துக்கூலி பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்.
ஆச்சரியக்குறிக்குத் தனிக்காசு கிடையாது.

தடையாணை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முகமூடி என்னுது என்றார் படம் போட்ட அர்த்தனாரி.
முகமூடிக்குள்ள இருக்கறவன் என்னோட ஆளு என்றார்
கதை எழுதிய டேவிட் செல்லையா.
அச்சகத்துச் சென்னியப்பன் ஒரு ரசீதைத் தூக்கிக் காட்டி,
பேரே என்ற பேர்ல பதிஞ்சிருக்குதுங்க என்றார்.
சிதறினாலும் உருண்டோடி ஒன்றுசேர்வதுதான்
பாதரசனின் வித்தை.
ஈரோடு கோர்ட்டில் அது பலிக்கவில்லை.

ஐந்து நீதிபதிகள் மாறினார்கள்.
ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
அப்புறம் என்னதான் ஆச்சு என்று கேட்டாராம்.
பதிவில் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னாராம்.
என்னைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.
அவன் பேசியதெல்லாம்
என் கையெழுத்தில்.

அடுத்த இதழின் பதினொரு பக்கம்
அன்றைக்கு என் வீட்டில் இருந்தது,
கருங்கல்பாளையத்தில், அரிசி டிரம்மின் மூடிமேல்,
படம் முடிந்து, வசனம் வராமல்.
வாய் திறந்திருக்கிறது,
குமிழின் வால் வாய்வரைக்கும் வந்திருக்கிறது,
குமிழுக்குள் வெறும் காகிதம்.

பதினொரு பக்கமும் விழுந்துகொண்டே இருக்கிறான்.
பாலத்து நிழல் முதுகில் பட்டு விலகுகிறது.
மேலே லாரியை நிறுத்திவிட்டு
ஒரு கிளீனர் பையன் எட்டிப் பார்க்கிறான்.
சாவித்துவாரத்தில் சொட்டாய் உருகி நுழைந்தவன்
இங்கே உருகவே இல்லை.
ஏன் என்று செல்லையாவுக்குத்தான் தெரியும்.
அவர் இரண்டு வாய்தாவுக்கு நடுவில் போய்ச்சேர்ந்தார்.

பாதரசன் துணை என்று
சங்ககிரி லாரி ஒன்றின் பின்பலகையில் இருந்தது.
அதற்கும் வக்கீல் நோட்டீஸ்.
டிரைவர் பெயரைத் தார் பூசி அழித்தான்.
மூன்று வருஷம் சேலம் ரோட்டில்
துணை மட்டும் ஓடியது.

இப்போது மஞ்சள் மண்டியில் இருக்கிறேன்.
மூட்டைக்கு லாட் நம்பர் எழுதுகிற வேலை.
சோப்புப் போட்டும் விரலில் மஞ்சள் போகாது,
அந்தப் பக்கங்களை நான் தொடுவதில்லை,
சரசாள்தான் புரட்டிக் காட்டுவாள்.
மொடக்குறிச்சியில் டயர் கடை வைத்திருக்கும் ராக்கியப்பன்
ஏலம் நடக்கும்போதே வந்து நிற்பார்.
ஏனுங்ண்ணா, தண்ணில உளுந்தானா, பாறைல உளுந்தானா?
கேசு நடக்குதுங்க என்பேன்.
டீ வாங்கிக் கொடுப்பார்.
என்ற பையனுக்கே கண்ணாலம் ஆயிப்போச்சுங்க என்பார்,
அவன் இன்னும் பாதிவழியில் இருப்பது
என் சோம்பேறித்தனம் என்பதுபோல.

ஒன்பதாம் பக்கத்தில் கரையோரக் கூட்டம்.
எருமை குளிப்பாட்டுகிற ஒருத்தி
அண்ணாந்து பார்க்கிறாள்.
நெல்லளவு முகம், அதற்கும் ஒரு சின்னக் குமிழ்.
மூன்று தரப்பு மனுவையும் நகல் எடுத்துப் படித்தேன்.
அவளை யாரும் கேட்கவில்லை.
அட்டவணையில் எருமைகூட இல்லை.

போன சித்திரையில்
பாலத்துக்கடியில் ஆள் நடந்து கடக்கிற அளவுக்கு
ஆறு வற்றிக் கிடந்த ராத்திரி,
பன்னீர்செல்வம் பார்க் கடையில் வாங்கிய புது நிப்பால்,
கையில் சரசாளின் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு
அவளுக்கு மட்டும் எழுதினேன்:
பாத்துங்க.

ஆச்சரியக்குறி போடவில்லை.
மை காயும்வரை
சரசாள் ஊதிக்கொண்டிருந்தாள்.